உலர்வாகப் பூட்டவும்

பாலத்தடிச் சோதனைச் சாவடிக்கு ஐம்பது யார் தூரம் இருக்கும்போதே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பிறகு இறங்கி, காரைக் கையால் தள்ளிக்கொண்டு போய், தடையைத் தாண்டியதும் ஏறிக்கொள்ளலாம். யுத்தம் முடிந்த அந்த வருஷம் மட்டக்களப்பில் ஒரே ஒரு காருக்கு மட்டும் இப்படி ஒரு சட்டம் இருந்தது. மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றவர்கள் வாயால் போட்ட சட்டம். அந்தக் காரின் பின்பக்கத்தில் கை வைத்துத் தள்ளியவர்களில் நானும் ஒருவன். மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர்கூட மணியடித்துக்கொண்டு எங்களை முந்திப் போவார். அந்தப் பக்கத்தில் அதைவிட வேகமாக ஓடக்கூடிய கார் வேறொன்று இருந்திருக்காது.

கார் காத்தான்குடிக்காரர் ஒருவருடையது. அங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வளைகுடா நாடொன்றில் பழுதான வாகனங்களை இழுத்துவரும் லொறி ஓட்டியவர். அங்கே பந்தயக் கார்கள் வந்துபோகும் கராஜ் வாசலில் லொறியை நிறுத்திவிட்டுப் பல வருஷம் பார்த்துக்கொண்டு நின்றதில் அவருக்கும் ஆசை பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்புகிறவர்கள் ரீவியும் கம்பளியும் கொண்டுவர, அவர் மரப்பெட்டியில் ஓர் எஞ்சினைப் போட்டுக் கப்பலில் அனுப்பிவிட்டு வந்தார். இரண்டு கதவு வைத்த பழைய ஜப்பான் கார் ஒன்றில் அதை ஏற்றிப் பூட்டியது எங்கள் கராஜில்.

கராஜ் அமிர்தகழியில், வாவிக்குப் போகிற ஒழுங்கையில் இருந்தது. அதன் சொந்தக்காரரை அண்ணன் என்பேன். முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம், வள்ளத்து மோட்டார், எது வந்தாலும் கை வைப்பார். எழுத்து மட்டும் அவருக்கு வராது. பெட்டியில் ஒட்டிய துண்டு, எஞ்சின் புத்தகம் எல்லாம் என்னிடம்தான் வரும். நான் வாகரைப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம். அப்பா கைநாட்டு. அவருடைய அப்பாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் உயர்தரம் வரைக்கும் படித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பாடநெறியும் முடித்த முதல் ஆள் நான்தான். அந்தச் சான்றிதழை அண்ணன் கண்ணாடி போட்டு கராஜ் சுவரில் மாட்டியிருந்தார். வருகிறவர்கள் அதை அண்ணனுடையது என்று நினைத்தாலும் அவர் மறுப்பதில்லை.

காக்காவின் எஞ்சினோடு ஹெடர் ஒன்றும் வந்திருந்தது. எஞ்சினின் நாலு வாயிலிருந்தும் நாலு குழாய்கள் தனித்தனியே கிளம்பி, வளைந்து, கீழே போய் ஒன்றாகச் சேரும். புகை ஒன்றையொன்று இடிக்காமல் வெளியேறுவதற்கு அப்படி. சாதாரண வாகனங்களில் அந்த இடத்தில் தடித்த வார்ப்பிரும்பு இருக்கும். ஹெடரில் இருப்பது மெல்லிய தகடு, சூடேறினால் நெளியும். அந்தத் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கெஸ்கட் ஒன்றை வைத்து எட்டுப் போல்ட்டால் இறுக்க வேண்டும். கெஸ்கட் ஒரு மயிரிழை விட்டுக்கொடுத்தாலும் டிக் டிக் என்று புகை கசியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மிதியிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைக்கும்போதுதான் சிக்கல். அதே இடைவெளியால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். எரியாமல் வந்த பெற்றோல் குழாய்க்குள் அந்தக் காற்றைச் சந்தித்ததும் படார் என்று வெடிக்கும். வேறு நாடுகளில் இளைஞர்கள் இந்தச் சத்தத்தை விரும்பிக் கேட்பார்களாம். எங்கள் ஊரில் வேகத்தைக் குறைக்கிற இடம் என்றால் அது சோதனைச் சாவடிதான்.

முதல் கெஸ்கட்டை அண்ணன் கையாலேயே வெட்டினார். கெஸ்கட் தாளை ஹெடர் தகட்டின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டிக்கொண்டு போனால் தாள் அந்த அச்சில் அறுந்துவிடும். ஓட்டைகள் கொஞ்சம் சின்னதாக வந்திருந்தன. புகை போகிற வாயைவிட கெஸ்கட்டின் ஓட்டை ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் உள்ளே நீட்டிக்கொண்டு எரியும் என்று நான் சொன்னேன். அண்ணன் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அரத்தை என்னிடம் தந்தார். ஓட்டைகளைப் பெருப்பித்து, எஞ்சினும் ஹெடரும் சேர்கிற முகங்களைச் சீலையால் துடைத்து, வழமை போல விரலால் கிறீஸ் தடவிப் பூட்டினேன்.

ஒரு கிழமைகூட ஆகவில்லை. காக்கா நடந்து கராஜுக்கு வந்தார். காரில் வராமல் நடந்து வந்ததிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. சாவடியை நெருங்கிக் காலை எடுத்ததும் இரண்டு தரம் வெடித்திருக்கிறது. மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றவர்கள் தரையோடு தரையாகப் போய்விட்டார்கள். துப்பாக்கிகள் மட்டும் மேலே தெரிந்தன. அவரை இறக்கி, தார் ரோட்டில் குப்புறப் படுக்கவைத்து, காரின் ஆசனத்தைக் கழற்றி, எஞ்சின் பெட்டிக்குள் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். வெயிலில் கிடந்த தாரில் அழுந்தி அவருடைய இடது காது பொங்கியிருந்தது. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து, இன்னொரு தரம் அந்தச் சத்தம் கேட்டால் காரும் வீட்டுக்குப் போகாது, நீயும் போகமாட்டாய் என்று சொல்லி விட்டிருக்கிறார்கள்.

“சும்மா சொல்றான் எண்டு நெனக்காதீங்க மச்சான்,” என்றார் அண்ணனிடம். “அவன்ட வெரல் நடுங்கினத்த நான் கீழ கெடந்து பாத்த.”

அன்றிலிருந்துதான் தள்ளுகிற சட்டம். அன்றிலிருந்துதான் யாரும் யாரையும் நம்பாமல் போனதும்.

அண்ணனுக்குக் கெஸ்கட் தாளில் சந்தேகம். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு வள்ளத்து மோட்டார் திருத்தித் தருவதாக வந்த நிறுவனம் ஒன்று விட்டுப்போன சுருள் அது. இலவசமாக வந்ததில் என்ன நல்லது இருந்தது என்று சொல்லி, மிச்சச் சுருளை வாவிப் பக்கம் வீசினார். கடையில் விற்கிற ஒன்றை வாங்குவது என்று முடிவாகி, என்னை அனுப்பினார்கள்.

நகரத்தில் அந்த மாதிரிச் சாமான் வைத்திருந்தது ஒரே கடை. கடைக்காரர் மெலிந்த மனிதர், எதையும் கேட்டவுடன் எடுத்துத் தரமாட்டார். யாருக்கு, என்ன வாகனம், எந்த ஊர், எல்லாம் கேட்டு முடித்துத்தான் ஏணியில் ஏறுவார். யுத்த காலத்தில் பற்றரியும் வயரும் யாருக்கு விற்றாய் என்று அவரைக் கேட்காதவர்கள் இல்லை. இரண்டு பக்கத்தாரும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. காத்தான்குடிக் கார் என்றதும், அந்த வெடிக்கிற காரா என்று கேட்டார். ஓம் என்றேன். ஏணியில் ஏறி, நடுவில் தகடும் இரு பக்கமும் காரீயம் மாதிரிக் கறுத்த பூச்சும் உள்ள கெஸ்கட் ஒன்றை எடுத்து வைத்தார். தன்னிடம் இரண்டுதான் இருக்கிறது என்றார்.

நான் அதைச் சும்மா வாங்கிவரவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். நான் கொண்டுபோன அட்டை அச்சோடு ஓட்டைகளைப் பொருத்தினேன். மணந்து பார்த்தேன். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நக்கியும் பாரன் தம்பி,” என்றார்.

அது ஒன்பது நாள் தாங்கியது. ஆரையம்பதிக்கு அங்கால், ரோட்டில் குறுக்கே வந்த மாட்டுக்காகக் காலை எடுத்தபோது வெடித்தது. மாடு வயலுக்குள் பாய்ந்ததாம். காக்கா இப்போது முழுக்கக் கடைக்காரரைச் சந்தேகித்தார். எங்கேயோ தண்ணீரில் ஊறிக் கிடந்ததை எடுத்து வைத்திருந்து தனக்கென்று தந்திருக்கிறான் என்றார். ‘தனக்கென்று’ என்பதை அவர் அழுத்திச் சொன்னவிதத்தில் கெஸ்கட்டைவிடப் பழைய விஷயங்கள் இருந்தன. கடைக்காரர் எங்கள் ஆள், இவர் அவர்கள் ஆள். அண்ணன் ஸ்பனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் போலிச் சாமான்தான் என்று எனக்கும் உள்ளுக்குள் உறுதியாகிவிட்டிருந்தது.

பழுதான கெஸ்கட்டைச் சீமெந்துப் பைத்தாளில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஓட்டைகளிலிருந்து விசிறி மாதிரிக் கறுப்புக் கோடுகள் வெளியே ஓடியிருந்தன. விரலால் ஒரு இடத்தைத் தொட்டு மூக்கில் வைத்தார்.

“இதில என்ன பூசின நீ?”

“ஒண்டும் பூசல்ல.”

“பொய் சொல்லாத தம்பி.”

எனக்குக் கோபத்தில் காது அடைத்துவிட்டது. பழுதான சாமானை விற்றுவிட்டு என்னைப் பொய்யன் என்கிறாரே என்று நினைத்தேன். நான் படித்தவன், எனக்குப் பொய் சொல்லத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, கெஸ்கட்டைத் திரும்பத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் பூசவில்லை என்றதை நான் மனமறிந்து பொய்யாகச் சொல்லவில்லை. சோறு தின்றாயா என்று கேட்டால் தண்ணீர் குடித்ததையும் சேர்த்தா சொல்வோம்?

மூன்றாவது கெஸ்கட் வளைகுடாவிலிருந்து வந்தது. காக்காவின் மச்சினன் விடுமுறையில் வந்தபோது உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். காகிதம் போல மெல்லிய உருக்குத் தகடுகள் மூன்று, ஒன்றின்மேல் ஒன்றாக, ஓட்டைகளைச் சுற்றி மேடு எழுப்பி. மூன்று பேரும் மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்தோம். பெட்டிக்குள் நாலாக மடித்த ஆங்கிலத் துண்டு ஒன்று இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணன் கேட்க, நான் வரி வரியாகச் சொன்னேன். தகடு நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எந்த ஒழுங்கில் இறுக்குவது, ஒரு தரம் சூடேறி ஆறிய பிறகு திரும்ப இறுக்குவது. கடைசி வரியை மட்டும் நான் வாசித்துச் சொல்லவில்லை. முகங்களில் எதையும் பூச வேண்டாம், உலர்வாகப் பூட்டவும் என்று இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்பதை நான் கடலிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வேண்டும்.

கடல் வந்த அன்று நான் பள்ளிக்கூடப் பையன். கூரைத் தகரம் ஒன்று வலது பெருவிரலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. வேறு காயம் இல்லை. அதைக் காயம் என்று சொல்வதற்கே அந்த நாட்களில் வெட்கமாக இருந்தது. பல நாள் கழித்து அப்பாவின் வள்ளத்து மோட்டாரைத் தாழை வேருக்குள் மணல் மூடிக் கிடந்த நிலையில் கண்டெடுத்தோம். ஒரு போல்ட்டும் அசையவில்லை. உப்பு உள்ளே போய் இரும்பை இரும்போடு ஒட்டவைத்திருந்தது. அந்த மோட்டாரைத் திருத்தியவர்தான் இந்த அண்ணன். அந்தக் காலத்தில் அவரிடம் வரிசையாக வந்ததெல்லாம் கடல் தின்ற எஞ்சின்கள். கழற்ற முடியாமல் முறிந்த போல்ட்டுகளைத் துளைத்துத் துளைத்து அவருடைய தோள் இறங்கிப்போனது. அதற்குப் பிறகு எங்கள் கராஜில் கிறீஸ் தொடாமல் ஒரு இரும்பும் இன்னொரு இரும்போடு சேர்ந்ததில்லை. போல்ட், நட், தகடு, கெஸ்கட், எல்லாவற்றிலும் பெருவிரலால் ஒரு இழுப்பு. அமிர்தகழியில் மட்டுமல்ல, கரையோரத்தில் அந்த வருஷங்களில் ஸ்பனர் பிடித்த எல்லாருமே அப்படித்தான். கை தானாகவே செய்யும்.

துண்டை எழுதியவனுக்கு எங்கள் உப்பைத் தெரியாது என்று நினைத்தேன். அதோடு, அச்சடித்த துண்டுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கையும் இருக்கவில்லை. கடலுக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த எல்லா வாக்குறுதியும் அச்சடித்த துண்டில்தான் வந்தது. அப்பாவுக்கு அவற்றை வாசித்துக் காட்டியவனும் நான்தான். எதை வாசித்தாலும் அவர் கடைசியில், இதை எழுதினவன் இஞ்ச வந்து பாத்தவனா மனே என்று கேட்பார். அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. ஆகவே அந்த உருக்குத் தகட்டின் இரண்டு பக்கமும் மிக மெல்லியதாக, மிகக் கவனமாக, கிறீஸ் தடவினேன்.

அது பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கல்லடியில் வெடித்தது. சாவடியில் தள்ளிக் கடந்து, பாலம் இறங்கி, பிள்ளைகளுக்காகக் காக்கா வேகத்தைக் குறைத்த இடத்தில். மூன்று வெடி. வாசலில் பிள்ளைக்காகக் காத்து நின்ற பெண்ணொருத்தி, கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு ரோட்டோரம் படுத்துவிட்டாளாம். வெள்ளைச் சீருடைகள் எல்லாம் ஒரே கணத்தில் மதிலோடு குந்திவிட்டன. ஒரு பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை. காக்கா இறங்கி, கார், கார்தான், பயப்பட வேணாம் என்று சொல்லிக்கொண்டே நின்றிருக்கிறார். அந்தப் பெண் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, உருண்டு கிடந்த போத்தலை எடுத்துக்கொண்டாளாம்.

மறுநாள் கராஜுக்கு வந்த காக்கா சத்தம் போடவில்லை. அவர் அமைதியாகப் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைக்காரன் தந்தது கள்ளச் சாமான், சரி. மச்சினன் கொண்டுவந்ததும் கள்ளச் சாமானா? பெட்டியை உடைத்ததே இந்தக் கராஜில்தானே?

“தம்பி, நீ ஆருக்கு வேல செய்ற?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கள் ஊரில் சும்மா கேட்கிற கேள்வி அல்ல. அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் இடையில் புகுந்து, பொடியன் அப்பிடி ஆளில்ல மச்சான் என்றார். ஆனால் அவருடைய கண்ணும் என் கையில்தான் இருந்தது. அன்றிலிருந்து நான் ஸ்பனர் எடுத்தால் அவர் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வார். நான் போல்ட்டை இறுக்கினால் தானும் ஒரு தரம் பிடித்துப் பார்ப்பார். வீட்டுக்குப் போகும்போது என் சட்டைப்பையைப் பார்ப்பதையும் ஒரு நாள் கண்டேன். நான் அவரையே சந்தேகிக்கத் தொடங்கினேன். இந்தக் கார் போய்த் தொலையட்டும் என்று இவரே எதையாவது செய்கிறாரா?

காரை உள்ளே தள்ளி ஹெடரைக் கழற்றியபோது அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். தனியாகத்தான் இருந்தேன். யார் என்ன செய்தார்கள் என்று பிடித்துவிட வேண்டும் என்ற நினைப்போடு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். எட்டில் ஐந்து, விரலால் திருகக்கூடிய அளவுக்குத் தளர்ந்திருந்தது. அவ்வளவு இறுக்கியது எப்படித் தளரும்? யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். கெஸ்கட்டை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அதன் இரண்டு முகத்திலும் ஏதோ கரிந்து, பொருக்கு விட்டு, உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடமெல்லாம் புகை வழி பிடித்திருந்தது. ஹெடரின் பிடிக்கு வெளியே காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில், கரி கலையாமல் அப்படியே காய்ந்திருந்தது. அதில் ஒரு பெருவிரல் அடையாளம். சுழி சுழியாக ரேகை. அதைக் குறுக்கே வெட்டி ஒரு வெள்ளைக் கோடு.

நான் உடனே விளங்கிக்கொண்டேன் என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது. முதலில் சந்தோஷப்பட்டேன். ஆளைப் பிடித்துவிட்டேன் என்று. பிறகுதான் என் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தேன்.

சீமெந்துத் தாளை அவிழ்த்து இரண்டாவது கெஸ்கட்டை எடுத்தேன். அதிலும் அதே இடத்தில் பாதி விரல். வள்ளத்து மோட்டாரை ஓடும்போதே தண்ணீர் குளிரவைக்கும். முச்சக்கர வண்டியின் வார்ப்பிரும்பு அவ்வளவு சூடேறாது. அங்கே எங்கள் கிறீஸ் பிழைத்துக்கொண்டது. இந்த ஹெடர் சிவக்கச் சிவக்கச் சூடேறும். கிறீஸ் எரிந்து, அது இருந்த இடம் வெறுமையாகி, அந்த வெறுமையின் அளவுக்கு எட்டுப் போல்ட்டும் தளர்ந்திருக்கிறது. யாரும் எதையும் செய்யவில்லை. மூன்று தரமும் நான்தான் செய்திருக்கிறேன். அதுவும் நல்லது செய்கிறேன் என்று.

அண்ணன் வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை கொஞ்சம் நிற்கிறது. சுவரில் சான்றிதழ் தொங்கியது. துண்டில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். வாசித்தும் மறைத்தவன் என்று எப்படிச் சொல்வது? பேசாமல் சரிசெய்துவிட்டால், வெடி நின்றுவிட்டால், யார் பிழை என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். கடைக்காரர் மேல் காக்கா போட்ட பழி அப்படியே இருந்துவிடும். இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கடையில் மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கெஸ்கட்டைப் போய் வாங்கினேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தரம் நானும் மணந்து பார்க்கவில்லை.

எஞ்சின் முகத்தையும் ஹெடர் முகத்தையும் பித்தளைத் தூரிகையால் சுரண்டி, பெற்றோலில் கழுவி, வெயிலில் காயவைத்தேன். உருக்கு அடிமட்டத்தை விளிம்பில் நிறுத்தி, அடியால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு மூலையில் தெரிந்தது. கண்ணாடித் துண்டின் மேல் மணல்தாளை ஒட்டி, தகட்டை அதில் தேய்த்துத் தேய்த்து நேராக்கினேன். என் கையையும் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். அண்ணன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“கிறீஸ் எங்க?”

“இந்தத் தரம் வேணாம் அண்ணன். துண்டில அப்பிடிக் கிடக்கு.”

“முந்தியும் அந்தத் துண்டுதானே வாசிச்ச நீ?”

நான் நடுப் போல்ட்டிலிருந்து இறுக்கத் தொடங்கினேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்காதது நம்பியதால் அல்ல என்று எனக்குத் தெரியும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, திரும்ப இறுக்கினோம். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை இயக்கி, கொளுத்திய ஊதுபத்தியை ஹெடர் விளிம்பு நெடுகப் பிடித்துக்கொண்டு போனேன். கசிவு இருந்தால் அந்த இடத்தில் புகை உதறும். எட்டுப் போல்ட்டையும் கடந்து புகை நேராக ஏறியது. காக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாவியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீயும் ஏறு.”

“நான் என்னத்துக்கு காக்கா?”

“வெடிச்சா ரெண்டு பேரும் படுப்பம்.”

பழுதான கெஸ்கட்டுகள் சுற்றிய தாளை அண்ணன் என் மடியில் வைத்தார். கேட்டால் காட்டுவதற்கு என்றார்.

காக்கா வழமையான இடத்தில் எஞ்சினை நிறுத்தி, இறங்கிப் போய், கார் திருத்தியாயிற்று, இன்றைக்கு ஓட்டிக்கொண்டு வரலாமா என்று சாவடியில் கேட்டார். நான் உள்ளேயே இருந்தேன். தமிழ் கொஞ்சம் தெரிந்த ஆமிக்காரர் அன்று நின்றார். என் வயதுதான் இருக்கும். அவர் மற்றவர்களுக்கு ஏதோ சொன்னார். ஒருவர் மூட்டைக்குப் பின்னால் போனார். பிறகு கையால் வா என்று காட்டினார்கள்.

அந்த ஐம்பது யார் எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. காக்கா கொஞ்சம் வேகமெடுத்து, காலை எடுத்தார். எஞ்சின் இறங்கிய சத்தம் கேட்டது. நான் மடியில் இருந்த தாளைக் கசக்கிப் பிடித்திருந்தேன். ஒன்றுமில்லை. தடைக்கு முன்னால் கார் நின்றது. எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டு நின்றது.

ஆமிக்காரர் கிட்ட வரவில்லை. திரும்பவும் எஞ்சினை ஏற்றி இறக்கச் சொன்னார். காக்கா செய்தார். இன்னொரு தரம். சத்தம் இல்லை. நான் மூச்சு விட்டேன். ஆமிக்காரரின் முகம் இன்னும் இறுகியது.

“முந்தி டம் டம். இப்ப இல்ல. ஏன்?”

சரிசெய்துவிட்டோம் என்றார் காக்கா. என்னத்தைச் சரிசெய்தீர்கள், என்ன இருந்தது, அதை எடுத்து எங்கே வைத்தீர்கள் என்று கேள்வி வந்தது. வெடித்தபோது கார் மேல் சந்தேகம். வெடிக்காதபோது அந்தச் சத்தம் எங்கே போனது என்று சந்தேகம். இறங்கச் சொன்னார்கள். காக்கா இறங்கியபோது அவருடைய கை தானாகக் காதுக்குப் போனதைப் பார்த்தேன். பழுதான சாமான் விற்றுவிட்டார்கள் சேர், கடைச் சாமான் சரியில்லை என்று அவர் சொல்லத் தொடங்கினார். எந்தக் கடை என்று உடனே கேட்டார் ஆமிக்காரர். மற்றவர் எழுதுவதற்குக் கொப்பி ஒன்றை எடுத்தார்.

அந்தக் கொப்பியில் கடையின் பெயர் ஏறினால் என்னவாகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான் தாளைப் பிரித்து கார் மூடியின் மேல் விரித்தேன்.

“கடைக்காரரில்ல சேர். நான்தான் பிழை.”

அவருக்கு விளங்குகிற சின்னச் சின்னச் சொற்களில் சொன்னேன். உப்பு. கிறீஸ். சூடு. எரிந்து ஓட்டை. காக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்திலிருந்து சுட்டது. ஆமிக்காரர் குனிந்து உருக்குக் கெஸ்கட்டைப் பார்த்தார். கரியில் இருந்த விரலைக் கண்டார். என் கையைப் பிடித்துத் திருப்பி, பெருவிரலை அதன் பக்கத்தில் வைத்தார். தழும்பையும் வெள்ளைக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது என்ன?” என்று தழும்பைத் தொட்டுக் கேட்டார்.

“சுனாமி.”

அவர் என் கையை விட்டார். கொப்பிக்காரரிடம் ஏதோ சொன்னார். கொப்பி மூடியது. சிரிக்கவுமில்லை, நல்ல வார்த்தை சொல்லவுமில்லை. எஞ்சின் மூடியைத் திறக்கவைத்து, உள்ளே நன்றாகப் பார்த்து, அதன் பிறகுதான் தடையைத் தூக்கினார்கள். கெஸ்கட்டுகளை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அவை இன்னும் அங்கே ஒரு கோப்பில் இருக்கும் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்து வைக்கப் படித்தவனின் கைநாட்டு.

பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்ததும் காக்கா கண்ணாடியை இறக்கினார். வாவியில் தோணிகள் கிடந்தன.

“எப்ப தெரியும் ஒனக்கு?”

“மூண்டாவது கழட்டினப்ப.”

“மறுகா ஏன் சொல்லல்ல?”

வெட்கம் என்றேன். அவர் அதை நம்பினாரோ தெரியாது. கல்லடிப் பக்கம் இறங்கியதும், காத்தான்குடிக்குப் போகாமல், ரோட்டோரம் ஒதுக்கி, காரை வந்த பக்கமே திருப்பினார்.

“எங்க காக்கா?”

“கடைக்கி. நான் அந்த மனிசன என்னவெல்லாம் பேசின. இப்ப எனக்கிட்ட சொன்னத்த அவருக்கிட்டயும் சொல்லு. நான் பக்கத்துல நிக்கன்.”

பாலத்தில் திரும்ப ஏறினோம். தூரத்தில் சாவடி தெரிந்தது. இவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிற காரை அவர்கள் கண்டுகொண்டதும் தெரிந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு அசைவு. காக்கா எஞ்சினை நிறுத்தவில்லை. ஐம்பது யார் இருக்கும்போது காலை எடுத்தார். நான் கெஸ்கட்டின் கரி ஒட்டிக் கறுத்திருந்த பெருவிரலை மடக்கிக்கொண்டு, சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.